பதினான்கு, இடமிருந்து வலம்

எங்கள் படகில் ஒரே ஒரு செய்தித்தாள்தான்.
கம்பெனிக் கணக்கில் அதற்குமேல் இடமில்லை.
காலை ஆறு ஐம்பதுக்கு மடிப்புக் கலையாமல் ஏறும்,
ஏழரைக்குள் அதன் நடுப்பக்கம்
காபி குடித்திருக்கும்.

குறுக்கெழுத்து யாருக்கும் தனிச் சொத்தில்லை.
ஃபியோர்டைக் கடக்க இருபத்திரண்டு நிமிடம்.
ஏறுகிறவர் தெரிந்ததை எழுதுவார்,
தெரியாததைப் பார்த்து மீசையைத் தடவுவார்,
கரை வந்ததும் பேனாவைத் தொங்கவிட்டுப் போவார்.
பேனாவைக் கயிற்றில் கட்டியது நான்.
மூன்று தொலைந்த பிறகு.

எழுத்தைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவேன்.
கட்டத்தின் கூரையில் தலை இடிப்பது
பள்ளிக்கூடத்து ஹால்டிஸ்.
வெளியே கால் நீட்டிக்கொண்டிருப்பது
சால்மன் பண்ணை மருத்துவன் ஐவிண்ட்.
சொந்தப் பென்சிலால் எழுதி, அழித்து,
மறுபடி அதையே எழுதுவது
பாதிரியார்.

அன்று செவ்வாய். நவம்பர்.
ஒன்பது மணிக்கும் விடியவில்லை.
பதினான்கு, இடமிருந்து வலம்:
காத்திருப்பவள் நெஞ்சில் வளர்வது. மூன்றெழுத்து.

முதல் எழுத்து பாதிரியார் தயவில் வந்தது.
மேலிருந்து கீழாக அவர் எழுதிய சொல்: பொய்.
நான் சிரிக்கவில்லை, அப்பம் திருப்பிக்கொண்டிருந்தேன்.
கடைசி எழுத்தை மேலே இருந்து கேப்டன்
ஒலிபெருக்கியிலேயே சொல்லிவிட்டார்:
கடலில் மட்டும் நீண்டுவிடுவதா, மைல்தான்.
கார்களுக்குள் தூங்கிய சனமெல்லாம் திடுக்கிட்டது.

பொ, ஒரு வெற்றுக் கட்டம், மை.

ஓட்வார் வந்தான்.
வடக்கயிறு பிடிக்கிறவன், நாற்பது வருடச் சம்பளக்காரன்.
ஈரக் கையுறையை வாயால் கழற்றினான்,
யோசிக்கவே இல்லை, நடுவில் 'று' போட்டான்.
அழுத்திய அழுத்தில் பின்பக்கத்து
மரண அறிவிப்பு ஒன்றில் முத்திரை விழுந்தது.
பொறுமை.
இரண்டு அப்பத்துக்குக் காசு வைத்துவிட்டு
ஒன்றைத் தின்றுகொண்டே போனான்.

அதோடு பிடித்தது சனி
ஒன்பது, மேலிருந்து கீழை.
எழுத்தைச் சுமந்து பறந்தது. இரண்டெழுத்து.
இரண்டாவது, ஓட்வாரின் 'று'.
சேறு என்றான் ஐவிண்ட். சேறு பறக்குமா?
உன் லாரி போனால் பறக்கும் என்றாள் ஹால்டிஸ்
பக்கத்து மேஜை லாரிக்காரனைப் பார்த்து.
ஏறு, கூறு, பேறு, நூறு.
பத்தே கால் படகு தோற்றது.
ஒன்றரைப் படகும் தோற்றது.
மை காய்ந்துவிட்ட சொல்லை
ஒருவரும் சந்தேகிக்கவில்லை.
தப்பானதும் கட்டத்தில் கச்சிதமாகத்தான் உட்கார்கிறது,
முழங்கை இடிக்காமல்.

நாலே முக்கால் படகில் ஸுன்னிவா ஏறினாள்.
அக்கரை மருந்துக்கடையில் வேலை.
ஓட்வாரின் மனைவி என்று சொல்லலாம், சட்டப்படி.
அவன் எண்ணெய்க் கிணற்றுக்குப் போய்
இரண்டு குளிர்காலம் திரும்பாத கதையை
இந்தக் கரையில் எல்லோரும் தெரியாததுபோல் தெரிந்துவைத்திருக்கிறோம்.
கடிதம் போட்டானா என்று
நானும் கேட்டதில்லை.

மூக்குக் கண்ணாடியைத் துடைத்தாள்.
பதினான்கைப் படித்தாள். ஒன்பதைப் படித்தாள்.
மறுபடி பதினான்கு.
கப்பல் ஜன்னலில் அந்த நேரத்துக்குத் தெரிவது
நம் முகம் மட்டும்தான்.
பிறகு 'று'வின் மேல் ஒரே ஒரு கோடு,
மெல்லிசாக, தையல் பிரிப்பதுபோல்.
கட்டத்தின் மூலையில் இடம் பார்த்து
'றா'.
மேலே 'பு'.

"புறா," என்றாள் என்னிடம்,
காபிக் கோப்பையைத் திருப்பிக் கொடுத்தபடி.
"நாள் முழுக்க ஒருத்தருக்குமா தெரியவில்லை?"

அவள் இறங்கும்போது அவன்தான் சங்கிலியை விலக்கினான்.
குளிர் என்றான். ஆமாம் என்றாள்.

கடைசிப் படகில் எனக்கும் அவனுக்கும்
நாலைந்து பயணிகளுக்கும் நடுவில் தாள் கிடந்தது.
பார்த்தான். ஒன்பதை விரலால் எண்ணினான்,
இரண்டே கட்டத்தை எண்ண அவ்வளவு நேரம்.
அப்புறம் குறுக்கே வந்தான் விரல்,
பொ, றா, மை.
அப்பம் சூடாக இருக்கிறதா என்று கேட்டான்.
இருந்தது. வாங்கவில்லை.

விடை நாளைய தாளில் வரும்.
அதை இதுவரை யாரும் பார்த்ததில்லை,
புதுக் கட்டம் பக்கத்திலேயே இருப்பதால்.
அடுப்பை அணைத்துவிட்டு
பேனாக் கயிற்றை அவிழ்த்துப் பார்த்தேன்.
அந்தப் பக்கம்தான் காணோம்.
கிழித்த விளிம்பு நேராக இருந்தது,
கயிறு அறுத்துப் பழகிய கை.