ஒரம்பரை

தாளவாடியில் முட்டைக்கோசு ஏற்றித்
தார்ப்பாயை இழுத்துக் கட்டும்போதே மணி ஆறு.
ஒன்பதுக்குக் கேட்டைப் பூட்டிவிடுவார்கள்.
அதற்குள் இருபத்தேழு கொண்டை ஊசியும் இறங்கி
பண்ணாரியம்மனுக்கு ஒரு ஹாரன் கொடுத்து
சத்தி மண்டிக்குப் போய்ச் சேர வேண்டும்.

போன் டேஷ்போர்டில் கிடக்கிறது.
'சென்னியப்பன் ஓமன்' அதற்குள் கிடக்கிறார்.
ஆசனூர் தாண்டினால் டவர் இல்லை.
ஏற்கெனவே இறக்கி வைத்ததைத்தான் கேட்கலாம்.

"ஒரம்பரை வந்துச்சா கோகிலா இன்னிக்கு?"

எப்போதும் அப்படித்தான் ஆரம்பிப்பார்.

"இங்க தும்ரைத் ரோட்ல ஒட்டகம் ஒன்னு
நட்ட நடுவுல படுத்துக்கிச்சு.
ராத்திரிக் குளுருக்குத் தாரு கதகதப்பாம்.
ஹாரன் அடிச்சா ஒரு பார்வை பார்த்துச்சு பாரு,
பந்தியில ரெண்டாந்தரம் ரசம் கேட்டா
உங்க பெரியம்மா பாப்பாங்களே, அது."

"உடும்பாட்ட ஒன்னு, வாலெல்லாம் முள்ளு.
டேங்கர் நெழலுக்குள்ள வந்து நின்னுக்கிச்சு.
வண்டிய எடுக்க மனசு வல்ல.
அரை மணி நேரம் லேட்டு.
சூப்பர்வைசர்கிட்ட பஞ்சர்னு சொல்லிப்போட்டேன்."

"வால்வுல சொட்டற தண்ணிய
நரி வந்து நக்கீட்டுப் போகுது.
தெனமும் அதே கிலோமீட்டர் கல்லு.
இப்பல்லாம் நான் வால்வ ரொம்ப இறுக்கறதில்ல."

நான் காரப்பள்ளத்து யானையை அனுப்பினேன்.
கரும்பு லாரிக்குக் காத்து நின்றது,
என் வண்டியை மோந்துவிட்டு
ரெண்டு கோசு எடுத்துக்கொண்டது, மூன்றாவதை
எட்டி உதைத்தது.
மண்டிக்காரர் மூன்றுக்கும் கழித்துக்கொண்டார்.

பேச வேறு இல்லாமல் இல்லை.
வண்டிக்கு டியூ இருக்கிறது.
மூன்று மாசமாய் அவருக்குப் பாதிச் சம்பளம்,
அதை அவர் சொல்லவில்லை,
கூட வேலை செய்யும் பவானிக்காரர் வீட்டில் சொன்னார்கள்.
மகள் அப்பாவின் முகத்தை
வீடியோவில் பார்த்தால் போதும் என்கிறாள்,
பேசச் சொன்னால் புத்தகத்தை எடுக்கிறாள்.

அதனால் முதலில் மிருகங்கள்.

நாலு நாளாய் ஒன்றும் வரவில்லை.
இன்று லோடு ஏற்றும்போது வந்தது.
திம்பத்தில் டீ குடித்துவிட்டு
முதல் வளைவில் போட்டேன்.

"கழுதைப்புலி, கோகிலா.
சத்தியமா.
வண்டியில அடிபட்ட ஒட்டகத்துக்குப் பக்கத்தால நின்னுச்சு.
பின்னங்காலு குட்டை, ஒடம்பெல்லாம் கோடு,
முதுகு முடியச் சிலுப்பிக்கிட்டு.
லைட்ட அணைச்சுட்டு உக்காந்திருந்தேன்.
நம்ம பக்கம் இருக்குதா இது?
மாயாத்துப் பள்ளத்துல இருக்குதுன்னு
எங்கப்பன் சொல்லும். நான் நம்புனதில்ல."

பதினெட்டாம் வளைவில்
முன்னால் போன பஸ்ஸின் சிவப்பு மறைந்தது.
சுவரோரம் இரண்டு பச்சைப் புள்ளி.
நாய் என்று நினைத்தேன்.
நாய் அப்படி நிற்காது,
தோள் உயர்ந்து, இடுப்பு இறங்கி,
பாதியில் மனசு மாறிய மாதிரி.

ஒன்றரை டன் கோசு முதுகைத் தள்ளுகிறது.
ஹேண்ட் பிரேக்கை இழுத்து, முதல் கியரில் விட்டு
எஞ்சினை நிறுத்தினேன்.
பார்க் லைட் மட்டும்.
கோடுகள் தெரிந்தன.
அதற்கு அவசரமே இல்லை.
ரோட்டை மோந்தது, என்னை மோந்தது,
பிரேக் கருகிய வாசம் பிடிக்கவில்லை போல,
தும்மியது.

போனை எடுத்து அழுத்திப் பிடித்தேன்.
என்ன சொல்வதென்று தெரியாமல்
பிடித்தபடியே இருந்தேன்.
அது சுவரைத் தாண்டிப் பள்ளத்துக்குள் இறங்கியது,
ஒரு கல் உருண்டது,
வெகுநேரம் உருண்டது.

பின்னால் வந்த கார்க்காரன் இறங்கி
"ஏனுங்க்கா, வண்டி நின்னு போச்சுங்களா?"
என்று கேட்டான்.
"இல்லீங் தம்பி, ஒரம்பரை" என்றேன்.
காட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு
ஓடிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

பண்ணாரியில் டவர் வந்தது.
போய்ச் சேர்ந்தது, பதினொரு செகண்ட்.
மண்டியில் கோசு கிலோ நாலு ரூபாய்.
நாலு.
அழுகியதைப் பொறுக்கி வீசிவிட்டு
மூட்டைமேல் உட்கார்ந்து பில்லுக்குக் காத்திருந்தேன்.
அங்கே மணி ஒன்றரை மணி நேரம் பின்னால்,
பொழுது இப்போதுதான் இறங்கியிருக்கும்.

நீல டிக் விழுந்தது.
டைப் செய்கிறார். நிற்கிறார். செய்கிறார்.

கடைசியில் குரல்தான் வந்தது:
"ஒன்னுமே பேசலியே நீயி.
ரெண்டு தரம் கேட்டேன்.
ஒரு கல்லு உருளுது."

பிறகு டேங்கர் கதவு திறக்கும் சத்தம்,
காற்று.