நான்கு இலக்கம்

கேஸ் இணைப்பு அவள் பெயரில் இருக்கிறது.
தபீத்தாள், மூன்றாம் மாடி, ஐ.சி.எஃப் வடக்குக் குடியிருப்பு.
போன மார்ச்சில் நீலத் தொப்பியோடு அவள் விமானம் ஏறும் முன்
எல்லாவற்றையும் மாற்றி எழுதினோம்:
கெசியாவின் பள்ளிப் படிவம், வங்கிக் கணக்கு,
"ஏதாவது ஆனால் யாருக்குச் சொல்ல" என்ற கட்டத்தில்
என் எண், இரண்டு முறை.
கேஸை மட்டும் மறந்துவிட்டோம்.

அதனால் மாதம் ஒருமுறை
அயனாவரம் ஏஜென்சி அனுப்பும் நான்கு இலக்கம்
கடல் தாண்டிப் போய்
நைல் கரை முகாம் ஒன்றில்
தண்ணீர்த் தொட்டியோரம்
சிக்னல் இரண்டு கோடு காட்டும் அந்த ஓரிடத்தில்
அவளுக்காகக் காத்து நிற்கிறது.

இன்றும் அப்படித்தான்.
ஐப்பசி மழையில் நனைந்த சாக்கைத் தலையில் போட்டபடி
சிலிண்டரை இறக்கிவைத்தார் தணிகாசலம்.
"ஓடிபி சொல்லு சார்."
"வரும்ணே."
"மேடம் துபாயா?"
நான் மறுக்கவில்லை.
மாடிக்கு மாடி திருத்திச் சொல்லி அலுத்துவிட்டது.
எங்கள் பக்கம் பட்டாளம் என்றால்
அது ஒரு பஸ் ஸ்டாப்.

இங்கே ஒன்பது, அங்கே ஐந்தரை.
பூட்ஸைக் கவிழ்த்துத் தேள் இருக்கிறதா என்று தட்டுவாள்.
மலேரியா மாத்திரை, கறுப்புக் காப்பி.
கன்டெய்னர் அறையிலிருந்து வார்டு வரை
நூற்றுப் பத்து அடி, எண்ணியிருக்கிறாள்.
ரத்தப் பைகள் இருக்கும் குளிர்ப்பெட்டியின் கதவில் ஒரு தாள்:
நான்கு டிகிரி, நான்கு, ஐந்து, மறுபடி நான்கு,
ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அவள் கையெழுத்து.
மங்கோலியச் சிப்பாய் ஒருவனுக்குக் குடல்வால் எடுத்த மறுநாள்
"சிரிக்காதே, தையல் பிரியும்" என்பதை
நடித்தே காட்டினாளாம்;
அதைப் பார்த்து அவன் சிரித்துத் தொலைத்தானாம்.
இப்படிச் சொல்வாள்.

சில நாள், இன்றைக்கு என்ன வேலை என்றால்
"ஸ்டாக் கணக்கு" என்பாள்.
அந்த நாட்களில் மேலே கேட்கக்கூடாது என்று
எனக்கு ஆறாவது மாதம்தான் விளங்கியது.

மணி ஒன்பது நாற்பது.
"சி பிளாக்கில ரெண்டு போட்டுட்டு வரேன்" என்று
படியிறங்கினார் தணிகாசலம்.
வாசலில் சிவப்புச் சிலிண்டர்
விருந்தாளியைப் போல நனைந்து நின்றது.
எனக்கு மதிய ஷிஃப்ட்.
கெசியாவுக்குப் பின்னல் போட்டேன்.
இடது பின்னல் இன்றும் வலதைவிடத் தடிமன்.
வீடியோவில் அம்மா பார்த்தால் கண்டுபிடித்துவிடுவாள் என்று
தலையைச் சாய்த்து நிற்கப் பழகியிருக்கிறாள்.

பத்து இருபது.
7306.
கூடவே ஒன்பது நொடிக் குரல்:
"ரவுண்ட்ஸ்ல இருந்தேன்பா. ட்யூப்பை மாத்து,
போன தடவையே சொன்னேன்."
பிறகு மூன்று நொடி அவள் பேசவில்லை;
ஒரு ஹெலிகாப்டர் இறங்குகிறது.

தணிகாசலம் ஒவ்வொரு இலக்கமாக விரலால் அழுத்தினார்.
"இதுக்கு ஏன் சார் இவ்ளோ நேரம்?
உன் நம்பருக்கு மாத்திக்கோ. ஒரு ஃபாரம்தான்."
அந்த ஃபாரம் ஃப்ரிட்ஜ் மேல் இருக்கிறது,
ஜூலையிலேயே நிரப்பியது.
மேலே ஒரு டார்ச் லைட்டை வைத்திருக்கிறேன், பறக்காமல்.

சிலிண்டர் தோளில் சாக்பீஸால் தேதி எழுதுவது அவள் பழக்கம்.
நானும் எழுதினேன்.
எட்டாவது.
"இன்னும் எத்தனைப்பா?"
"நாலு."
கெசியா யோசித்தாள்.
"தினமும் தோசை சுட்டா சீக்கிரம் தீர்ந்துடும் இல்ல?"
இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.
பிறகு
மாவை எடுத்து வெளியே வைத்தேன்.