இன்று திருக்கை இல்லை

கடலூர் முதுநகர். மதியம் ஒன்றரை.
காலையிலிருந்து பதினோரு தராசு பார்த்தாயிற்று.
நான் தராசு மெக்கானிக்,
தர்மபுரியிலிருந்து பத்து நாள் டூட்டி.
பைக்குள் பித்தளை எடைக்கற்கள்,
வெறுங்கையால் தொடக் கூடாதவை.

லாட்ஜ் பையன் சொன்ன அடையாளம்:
"ஐஸ் கம்பெனிக்கு எதிர்ல. பேர் இருக்காது.
ஈரம் காயாத வாசல் இருக்கும்."
இருந்தது.
கரும்பலகையில் சாக்பீஸ் எழுத்து:
சாப்பாடு எழுபது. இன்று திருக்கை இல்லை.
அந்த வரி எழுதிப் பல வாரம் ஆகியிருக்கும்.
'இன்று' மட்டும்
போகிற வருகிற தோள் பட்டு அழிந்து
மறுபடி மறுபடி எழுதித் தடித்திருந்தது.

"தடைக்காலம் சார், போட்டு எல்லாம் கட்டிக் கெடக்கு.
கருவாடு சாப்புடுவீங்களா?"
அஞ்சலாட்சி என்று உள்ளிருந்து யாரோ கூப்பிட்டார்கள்.
அவள் திரும்பாமல் என் பதிலுக்கு நின்றாள்.

எங்கள் வீட்டில் கருவாடு என்றால்
சந்தையில் மூச்சடக்கிக் கடக்கிற பத்தடி தூரம்.
சரி என்று சொன்னது
பசியா, எழுபது ரூபாயா, தெரியவில்லை.

இலை. சோறு. அதன் மேல்
பண்ருட்டிப் பலாக்கொட்டையும் கத்தரிக்காயும்
வாளைக் கருவாடும்
ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுக்காமல் வெந்த குழம்பு.
ஓரத்தில் வறுத்த சென்னாக்குன்னி,
ஒவ்வொரு துணுக்குக்கும் இரண்டு கரும்புள்ளிக் கண்கள்.
எல்லாம் என்னைப் பார்த்தன.

முதல் வாய் வெறும் உப்பு.
இரண்டாவதில் புளி வந்து சண்டைக்கு நின்றது.
மூன்றாவதில் பலாக்கொட்டை மாவாய் உடைந்து
இரண்டையும் உட்கார வைத்தது.
அப்புறம் எண்ணவில்லை.

தொழில் புத்தி போகுமா?
கரண்டியைப் பார்த்தேன். விளிம்பில் ஒரு நெளிவு.
தடவைக்குத் தடவை அளவு மாறியது.
காலையில் பார்த்த பதினொன்றில்
நான்கு தராசுகள்
இருபது கிராம் கடைக்காரர் பக்கம் பேசின,
சீல் வைக்காமல் திருப்பிவிட்டேன்.
இந்தக் கரண்டியும் தேறாது.
பிழை உண்டு. ஒழுங்கே இல்லாத பிழை.
ஆனால் ஒரு தடவைகூட
இலைக்கு எதிராக இல்லை.

எதிர் பெஞ்சில் ராசாங்கம்,
ஐஸ் கம்பெனிச் சட்டையில் தைத்திருந்த பெயர்.
மீன் வராத ஊரில் ஐஸ் யாருக்கு வேண்டும்?
அவசரமில்லாத கையால் சாப்பிட்டு எழுந்து
"போட்டுக்க" என்றான்.
அவள் நோட்டில் ஒரு கோடு போட்டாள்.
எட்டிப் பார்த்தேன், தப்புதான்.
நாலு கோடு, இடைவெளி, நாலு கோடு, இடைவெளி.
குறுக்கே விழ வேண்டிய ஐந்தாவது
அந்தப் பக்கம் முழுக்க எங்கேயும் இல்லை.
ஒருவேளை
வாரத்துக்கு நாலு நாள்தான் வருகிறானோ என்னவோ.

அந்த யோசனையில் முள் சிக்கியது.
கண்ணில் நீர். தண்ணீர் குடித்தேன், அசையவில்லை.
வெறுஞ்சோறு ஒரு கைப்பிடி இலையில் விழுந்தது.
"உருட்டி முழுங்குங்க. மெல்லக் கூடாது."
முழுங்கினேன். போனது.
நூறு ரூபாய் நீட்டினேன்,
ஒரு கைப்பிடி சோறு, இரண்டாம் குழம்பு,
அதையும் சேர்த்து எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.
முப்பதைத் திருப்பித் தந்துவிட்டு
"முள்ளுக்கெல்லாம் ரேட்டு இல்ல" என்றாள்,
அடுத்த இலைக்குப் போய்விட்டாள்.

மூன்று முறை சோப்புப் போட்டும்
விரலில் வாளை போகவில்லை.
பன்னிரண்டாவது தராசு, உரக்கடை.
கையுறை மாட்டி, இடுக்கியால் தூக்கி
ஐந்நூறு கிராம் கல்லை வைத்தேன்.
ஐந்நூறு என்றது. மிகச் சரி.
ஏனோ எடுத்து
இன்னொரு முறை வைத்துப் பார்த்தேன்.

என் டூட்டி முடிய ஏழு நாள்.
தடைக்காலம் முடிய ஒன்பது.