பிழை எண் பதின்மூன்று

கிளாக்ஸ்விக் துறைமுகம், காலை ஐந்தே முக்கால்.
ஃபாரோ தீவின் மழை
பக்கவாட்டில் பெய்துகொண்டிருந்தது.
படகு அட்டவணை இருக்கவேண்டிய பக்கத்தில்
403 என்று மூன்று இலக்கம்,
கீழே ‘உங்களுக்கு அனுமதி இல்லை’.

இரவு இரண்டு மணிக்கு
அப்டேட் தானே வந்து, தானே ஏறி,
தானே அணைத்துத் தானே எழுப்பி,
எல்லாம் நலம் என்று பச்சையில் எழுதிவிட்டுப்
போயிருந்தது.

ரன்வா ஈரக் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்தாள்.
சர்வர் ஓடுகிறது. போர்ட் திறந்திருக்கிறது.
ஃபயர்வாலைக் கேட்டாள், நானில்லை என்றது.
போல்டரின் உரிமையாளர் பெயர் சரி,
படிக்கிற உரிமை சரி,
ஆனாலும் பிழை எண் பதின்மூன்று:
அனுமதி மறுப்பு.
ரீஸ்டார்ட் செய்தாள்.
இன்னொரு முறையும் செய்தாள்,
வராத லிஃப்டின் பொத்தானை
மறுபடி அழுத்துகிறவர்களைப் போல.

தொலைபேசி அடித்தது. அக்கரையிலிருந்து யால்கிரிம்.
“ஏழு மணிப் படகு உண்டா இல்லையா?
வண்டியில் காலொடிந்த ஆடு.
காற்றைக் கேட்டால் ஒன்றும் சொல்லவில்லை.
உங்களைக் கேட்டால்
எனக்கு அனுமதி இல்லையாம்.”
அவர் சிரிக்கவில்லை.

சாமி வரம் கொடுத்தும் மறிக்கிற
அந்தப் பூசாரி யாரென்று
ஆறேகாலுக்குத்தான் உறைத்தது.
சர்வருக்கும் கோப்புக்கும் நடுவில் ஒரு காவலாளி.
பெயர் கேட்கமாட்டான், முகம் பார்க்கமாட்டான்.
ஒவ்வொரு கோப்பின் முதுகிலும்
ஒட்டியிருக்கிற சீட்டை மட்டும் படிப்பான்.

மூன்று வருடமாக வேலையில்தான் இருந்தான்.
யாரோ சொல்லியிருந்தார்கள்,
தடுக்காதே, குறித்து மட்டும் வை என்று.
குறித்துவைத்தான்.
நேற்றிரவு அப்டேட் அவன் தோளைத் தட்டி
இனித் தடு என்றது.

லாகைத் திறந்தாள்.
நாளுக்கு நாலாயிரம் முறை
அதே புகார், அதே சொற்களில்:
‘இது இந்த இடத்துக்குரியதாகத் தெரியவில்லை.
சீட்டில் வீடு என்று இருக்கிறது.’

வீடு.
மகனுக்கு அம்மை போட்டிருந்த அந்த டிசம்பர்.
சர்வரில் தன் பெயருக்கிருந்த வீட்டு போல்டரில்
இரவிரவாக எழுதிய பக்கம்.
முடிந்ததும் நகலெடுக்கவில்லை,
அப்படியே நகர்த்தினாள்.
நகலென்றால் போன இடத்தின் சீட்டு ஒட்டியிருக்கும்.
நகர்த்தியதில்
பழைய விலாசத்தோடே வந்து உட்கார்ந்துவிட்டது,
மூன்று வருடம், யாரும் கேட்காமல்.

காவலாளியைத் தூங்கவைக்க ஒரே வரி போதும்.
தட்டினாள்.
பக்கம் திறந்தது.
ஏழு மணிப் படகு: காற்று காரணமாக ரத்து.

யால்கிரிமுக்குச் சொன்னாள்.
“சரி,” என்றார், “ஆட்டுக்குத் தெரியவேண்டாம்.”

இத்தோடு விட்டிருக்கலாம்.
துறைமுகத்தில் யாருக்கும் தெரிந்திருக்காது.
அவனை எழுப்பினாள். பக்கம் மூடிக்கொண்டது.
இருநூற்றுப் பன்னிரண்டு கோப்புகளுக்கும்
சீட்டு மாற்றச் சொன்னாள்.
பக்கம் திறந்தது,
அவன் விழித்திருக்கும்போதே.

மணி ஆறு ஐம்பது.
ஒரு திருப்திக்காக, வேறொன்றுக்குமில்லை,
பழைய லாகுகளிலிருந்து
தன் புகார்களையெல்லாம் வடிகட்டி எறிந்தாள்.
லட்சக்கணக்கான வரிகள் போயின.
ஒன்றும் மிஞ்சக்கூடாது.

பதினொரு வரிகள் மிஞ்சின.

போன மார்ச், ஒரு ஞாயிறு, விடியற்காலை.
அவள் எழுதாத ஏதோ ஒரு நிரல்
கடவுச்சொற்கள் இருக்கும் கோப்பைத்
தொட்டுப் பார்த்திருக்கிறது,
பதினொரு தடவை.
காவலாளி குறித்திருக்கிறான்,
தடுக்கவில்லை,
தடுக்காதே என்றுதானே சொல்லியிருந்தார்கள்.
அவளுடைய கூச்சலுக்கு அடியில்
அவன் குரல் அமுங்கிக் கிடந்திருக்கிறது.

வெளியே காற்று இன்னும் ஓயவில்லை.
அட்டவணை அழகாகத் தெரிகிறது.
ரன்வா எழுந்து கோட்டைக் கழற்றி
ஹீட்டர்மேல் போட்டாள்.
நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள்.
முதல் வரியிலிருந்து
படிக்கத் தொடங்கினாள்.