நிலத்தைத் தொடும் விரல்

ஒன்றரைச் சாண் உயரம்.
முருகைக்கல்லிலேயே வேண்டும் என்றார் விமலசிறி,
மாத்தறையிலிருந்து இரவு பஸ்ஸில் வந்து
காலை ஏழு மணிக்கு என் பட்டறை வாசலில்
ஒரு பை பணிசோடு நின்றவர்.

எனக்குக் கை ஓடவில்லை.
இரவோடிரவாக அரசமரத்தடியில் முளைக்கிற புத்தரை
எங்களுக்குத் தெரியும்.
முதலில் சிலை வரும், பிறகு கொடி, பிறகு வேலி,
பிறகு வேலிக்குக் காவல்.
பிள்ளையாருக்கும் சேமக்காலைச் சம்மனசுக்கும்
உளி பிடித்த கை இது,
உதுக்கு நான் ஆள் இல்லை என்றேன்.

அவர் போனை நீட்டினார்.
மறுமுனையில் அவருடைய தாய்,
சுத்தமான யாழ்ப்பாணத் தமிழ்:
"தம்பி, கஸ்தூரியார் வீதியில எங்கட பேக்கரி இருந்தது.
எழுபத்தேழில வெளிக்கிட்டனாங்கள்.
சீலாவதி எண்டால் அப்ப ஆருக்கும் தெரியும்.
கிணத்தடிக் கல்லில நான் உடுப்புத் தோய்ச்ச ஊர்.
அந்தக் கல்லில ஒரு சாமி செய்து தாவன்,
வீட்டுக்குள்ள வைக்கத்தான்.
வெளியில வைக்கிறதுக்கு இல்லை."

வெளியில வைக்கிறதுக்கு இல்லை.
அந்த ஒரு வரிக்கு முற்பணம் வாங்கினேன்.

முருகைக்கல் பொறுமையைச் சோதிக்கிற கல்.
உள்ளே கடல் இருக்கும்;
தட்டினால் சிப்பி ஒன்று வாய் திறக்கும்.
முடியை நத்தை நத்தையாகச் சுருட்ட நாலு நாள்.
காதுக்கு வந்தபோது தவமலரைப் பார்த்தேன்:
தோடு அடைவில் போன பிறகும்
இழுபட்டுத் தொங்குகிற சோணை.
பொன்னைக் கழற்றிவிட்டு நடந்த அரசகுமாரனுக்கும்
அப்படித்தானே இருந்திருக்கும்.
அந்தச் சோணையையே வைத்தேன்.

இடக்கை மடியில். அது சுகமாக வந்தது.
வலக்கையில்தான் நின்றுபோனேன்.
முழங்கால் தாண்டி இறங்கி
நிலத்தைத் தொட வேண்டும் நடுவிரல்.
இந்த ஆசனம் உனக்கு ஆர் தந்தது, சாட்சி எங்கே
என்று மாரன் கேட்டபோது
உறுதியும் இல்லை, தோம்பும் இல்லை,
விரலால் மண்ணைத் தொட்டாராம்.
மண் பேசியதாம்.

வசாவிளானில் எங்களுக்கு ஒன்பது பரப்பு.
உறுதி இருக்கிறது, பொலித்தீன் பைக்குள்,
மூன்று இடப்பெயர்வு கண்ட உறுதி.
முட்கம்பிக்கு இப்பால் நின்று
தவமலர் தன் பலாவைக் கையால் காட்டுவாள்.
தொட எட்டாது.
அந்த மண் இதுவரை ஒன்றும் பேசவில்லை.

மூன்று நாள் உளியைத் தொடாமல் இருந்தேன்.
நாலாம் நாள் செதுக்கினேன்,
பீடத்தில் நிறுத்தாமல் அடிவரை இறக்கினேன்,
என் கையில் வந்ததிலேயே மெல்லிய விரல்.
நுனியில், நான் கேளாமலே,
ஒரு சோழி பாதி வெளியே வந்தது.
நகத்துக்கு அதையே விட்டேன்.

கண் திறக்கிற நாளில் விமலசிறி வந்திருந்தார்.
நேரே பார்க்கக்கூடாது, எங்கட பக்கத்தில்
கண்ணாடியில் பார்த்துத்தான் திறப்பார்கள் என்றார்.
எங்கட பக்கத்திலும் கண்ணாடி காட்டுவோம் என்றேன்.
என் சவரக் கண்ணாடியைத் தவமலர் பிடித்தாள்.
பாதி மூடிய கண்;
பாதிதான் திறக்க வேண்டியிருந்தது.

பழைய வேட்டியில் சுற்றிக் கொடுத்தேன்.
மாத்தறை மட்டும் மடியிலேயே வைத்திருப்பேன் என்றார்.

பட்டறை நிலத்தில், வெள்ளைத் தூளுக்கு நடுவே,
பீடம் இருந்த சதுரம்.
அதற்கு வெளியே
விரல் பட்ட ஒரு புள்ளி.
தும்புத்தடியோடு வந்த தவமலர்
அதைச் சுற்றிக் கூட்டிவிட்டுப் போனாள்.