பங்கேற்பாளர் ஏழு

டச்பே கரையோர ஹோட்டலில் கீழ்மாடி மண்டபம்.
வெளியே ஆடி மாதத்துக் கச்சான் காற்று,
உள்ளே குளிரூட்டிக்குப் பயந்து
பேராசிரியர்கள் சால்வை போர்த்தியிருந்தார்கள்.
மனிதரும் கணினியும் எப்படித் தொட்டுக்கொள்வது என்று
பதினோரு நாடுகளிலிருந்து பேச வந்திருந்தார்கள்.
பதிவு மேசையில் தந்த அட்டை
சுகிர்தாவாகிய என்னைச்
சுக்ரிதா ஆக்கியிருந்தது.
பரவாயில்லை என்றேன்.
பரவாயில்லை என்பது
எல்லா இயந்திரத்துக்கும் நாங்கள் கொடுக்கும் கடவுச்சொல்.

"நல்ல இடைமுகம் கண்ணுக்குத் தெரியாது"
என்றார் முதலில் பேசியவர்.
எல்லோரும் குறித்துக்கொண்டார்கள்.
நானும், அடிக்கோடு போட்டு.

எனக்குப் பன்னிரண்டு நிமிடம்.
சாம்பல்தீவுப் பக்கம் நண்டு உடைக்கும் கொட்டில்.
இருபத்துமூன்று பெண்கள்.
வாசலில் வரவு பதியும் இயந்திரம்.
காலை ஐந்தரைக்குப் பெருவிரல் வைத்தால்
பச்சை எரிய வேண்டும்.
நண்டோட்டோடும் ஐஸோடும் குளோரின் தண்ணீரோடும்
ஆண்டுக்கணக்காய் உரசிய விரலில்
ரேகை என்று சொல்ல அதிகம் இல்லை.
சிவப்பு எரியும்.
மறுபடி முயலுங்கள் என்று
யாரோ ஒரு பெண்ணின் குரல், ஆங்கிலத்தில்,
கொஞ்சமும் கோபப்படாமல்.
ஆறு மணி தாண்டினால் அரைநாள் சம்பளம் போச்சு.

ஏழாம் பங்கேற்பாளரின் சராசரி, பதினான்கு முயற்சி.
வரைபடத்தில் அவர் மட்டும்
மற்றப் புள்ளிகளை விட்டு விலகி, மேலே,
பந்திக்குக் கூப்பிடாத ஆள்போல நின்றார்.
அந்தப் புள்ளியை எடுத்துவிடச் சொன்னார் மேற்பார்வையாளர்,
எடுத்தால் கோடு அழகாய் விழுமாம்.
நான் எடுக்கவில்லை.
துணிவு என்று எண்ணிவிட வேண்டாம்,
சமர்ப்பித்த இரவில் மறந்துபோனேன்.

ஒன்பதாம் படவில்லையில் அவருடைய பெருவிரல்,
திரை முழுக்க.
அப்போதுதான் மான் வந்தது.

கோட்டைப் பக்கத்துப் புள்ளிமான்,
கடைத்தெருவில் வாழைப்பழத்தோல் தின்று வளர்ந்தது.
கண்ணாடிக் கதவுக்கு முன்னால் வந்து நின்றது.
கதவு அதைப் பார்த்தது.
பெயர் கேட்கவில்லை, விரல் கேட்கவில்லை,
உஸ்ஸென்று திறந்துகொண்டது.
மண்டபமே எழுந்து கைபேசியை உயர்த்தியது.
விரிப்பில் ஒரு குளம்பை வைத்த மான்
குளிர் பிடிக்காமல்
அதைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனது.
கதவு மூடியது. திறந்தது. மூடியது.
என் நேரத்தில் மூன்று நிமிடம் கழிந்தது.

கேள்விக்கு ஒருவர்தான் எழுந்தார்.
"இது பயனர் பிழைதானே?
விரலுக்குக் களிம்பு பூசச் சொல்லலாமே?"
கட்டுரையின் நான்காம் பக்கத்தில்
அதே இரண்டு சொல்லை
நானும் எழுதியிருந்தேன்.
நல்ல கேள்வி என்றேன்.
நேரம் முடிந்தது என்றார்கள்.

இரவு வட்ஸ்அப்பில் குரல்.
அவர் எழுத மாட்டார்.
விரல்நுனியைத் திரையும் மதிப்பதில்லை,
விரல் மொழியால் மைக்கை அழுத்திப் பேசுவார்.

"மிஸ், நேரலையில பாத்தன்.
ஏழு எண்டது நான்தானே?
பேர் வராது, முகம் வராது எண்டுதானே
கையெழுத்து வாங்கினீங்க.
விரலப் பெருசாக் காட்டின உடன தெரிஞ்சிட்டு.
அந்தக் குறுக்கு வெட்டு
நத்தாருக்கு முதல்நாள் ஓடு கிழிச்சது.
மகளுக்கும் தெரிஞ்சிட்டு.
பக்கத்து வீட்டு எமரென்சியா அக்கா
கண்ணாடி போடாமலே சொல்லிட்டா."

சிரிப்பு. பின்னால் ஏதோ பாத்திரம் விழும் சத்தம்.

"மற்றது மிஸ்,
இனி எங்கட மெசினை மாத்துவாங்களா?"

ஒலிக்குறி நீலமாகிவிட்டது,
நான் கேட்டது அவருக்குத் தெரியும்.
எழுதினேன். அழித்தேன்.
சாம்பல்தீவில் ஒரு திரையில்
தட்டச்சு செய்கிறார் என்று காட்டியிருக்கும்.
நின்றிருக்கும்.
மறுபடி காட்டியிருக்கும்.