அரை முடிச்சு

படகில் ஏறுவதற்கு முன்பே பனிக்குடம் உடைந்துவிட்டது.
ஆகஸ்ட் மழை, குளிர்காலத்தின் நடு வயிறு.
எங்கள் தீவில் எட்டு மணிக்குமேல்
துறை விளக்குகூட எரியாது.
நடுப்பலகையில் மெத்தை, மெத்தைமேல் ரொசாவுரா,
சுற்றிலும் சிப்பிக் கயிறுகளின் வீச்சம்.
பத்து நிமிடத்துக்கு ஒன்று.
பிறகு ஏழு.
ஓத அட்டவணைப் புத்தகத்தின் ஓரத்தில்
பென்சிலால் குறித்துக்கொண்டே வந்தேன்:
ஏற்றம் 21.40 என்று அச்சிட்ட வரிக்குப் பக்கத்தில்
அவள் வலி.

தல்காவே துறையில் ஹெரால்டோ வேனோடு நின்றான்.
காஸ்ட்ரோவில் மருத்துவச்சி யஸ்னா
"அப்பனா? கையக் கழுவு" என்றார்.
கழுவினேன். "இன்னொரு தடவை."
மூன்றாம் முறையும் சிப்பி போகவில்லை.

வியாழக்கிழமை வகுப்பில் பொம்மையை வைத்துச்
சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.
உள்ளே நாலு, வெளியே ஆறு.
எண்ணத் தொடங்கினேன்.
"வாய மூடு" என்றாள்.
ஒன்பது வருடத்தில் அவள் என்னிடம் பேசியதிலேயே
குழப்பமில்லாத வாக்கியம் அதுதான்.

மூடினேன்.
என் கையை எடுத்து
இடுப்புக்குக் கீழே எலும்பின்மேல் வைத்தாள்.
"இங்க. அழுத்து."
அறுபது கிலோ கயிறைக் கடலிலிருந்து உருவுகிற கை,
அதற்கு இழுக்கத்தான் தெரியும்.
வலி ஏறும்போது அழுத்தி
இறங்கும்போது விட வேண்டும்.
விட்ட நேரத்தில்தான்
என் தோள் நடுங்குவது எனக்கே தெரிந்தது.

இரண்டு மணிக்கு என் கழுத்தில் தொங்கினாள்.
அவளைக் கீழே இழுக்கிற ஏதோ ஒன்றும்
சேர்ந்து தொங்கியது.
அவள் தோளுக்கு அப்பால் தீயணைப்புக் குடுவை.
மார்ச் மாதத்தோடு காலாவதி.
அதை இருநூறு முறையாவது படித்திருப்பேன்.

என் உடம்புக்கு ஒன்றும் நடக்கவில்லை.
அதுதான் கூச்சம்.
பசித்தது.
பையிலிருந்த உருளைக்கிழங்கு ரொட்டியை நினைத்தேன்,
அதன் உள்ளே கொழுப்பு வறுவல்,
அதையும் நினைத்தேன்.

"முடியல" என்றாள்.
இதற்கும் வகுப்பில் பதில் இருந்தது,
முடியும் என்று சொல்லுங்கள் என்று.
"ஆமா" என்றேன். "முடியலதான்."
அந்த இரவில் முதல்முறையாக
அங்கே ஓர் ஆள் நிற்பதைப் போல
என்னைப் பார்த்தாள்.

தலை தெரியுது என்றார் யஸ்னா.
இரண்டு வலிக்கு நடுவே
ரொசாவுரா கண்ணைத் திறந்தாள்:
"படகக் கட்டினியா?"
"கட்டினேன்."
"ரெண்டு முடிச்சா?"
"ரெண்டு."
பொய்.
அவளைத் தூக்கி இறக்கின அவசரத்தில்
ஒரு சுற்று, ஓர் அரை முடிச்சு, அவ்வளவுதான்.

அதன் பிறகு நடந்தது எனக்கு வரிசையாக இல்லை.
அவள் போட்ட சத்தம் தொண்டையிலிருந்து வரவில்லை.
என் கட்டைவிரல் அவள் பிடியில் இருந்தது,
நகம் மூன்று வாரம் கறுத்துக் கிடந்தது.
4.12 என்றார் யாரோ.
பெண்.
ஊதா நிறத்தில், கோபத்தில்,
வெள்ளை மெழுகு பூசிக்கொண்டு.

கத்தரிக்கோலைக் கொடுத்தார்கள்.
தினமும் கயிறு அறுக்கிறவன்தானே நான்.
ஆனால் கொடி வழுக்கியது,
கொஞ்சம் முன்புவரை அதற்குள் துடிப்பு ஓடியது.
முதல் வெட்டில் அறவில்லை.
"பயப்படாத, ரெண்டு பேருக்கும் வலிக்காது" என்றார் யஸ்னா.
எனக்கு வலித்தது, சொல்லவில்லை.

ஏழு மணிக்கு ஹெரால்டோ போன் செய்தான்.
உன் படகு எதிர்க்கரைச் சேற்றில்
தனியா உக்காந்திருக்கு,
மேலே ரெண்டு நாரை.
குரலைத் தாழ்த்தத் தெரியாதவன்.
ரொசாவுராவுக்கும் கேட்டுவிட்டது.

சிரித்தாள். சிரிப்பு தையலில் இழுத்தது.
"பாவி, சிரிக்க வைக்காத.
எனக்கே ரெண்டு தையல் போட்டிருக்காங்க.
ஒரு படகுக்கு ரெண்டு முடிச்சு
உன்னால போட முடியல."

புத்தகத்தைப் புரட்டினேன்.
பென்சில் குறிப்பு 3.50-ல் நின்றிருந்தது,
அதற்குமேல் கை ஓய்வாக இல்லை.
"அடுத்த ஏற்றம் 10.04" என்றேன்.
"அதுவரைக்கும் அது நகராது."
"சரி" என்றாள், பிள்ளையை மாரில் மாற்றிக்கொண்டே.
"அந்த ரொட்டி எங்க?"